டிரெஸ்டன் – பிராக் நெடுஞ்சாலையில் எல்லை கடக்கும் கணம்: ஓர் உரைமரபு ஆய்வு

ஜெர்மனியின் டிரெஸ்டனிலிருந்து செக் நாட்டுப் பிராக் நகருக்குக் காரில் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். இப்பயணம் பற்றி விரிவான ஆய்வு எதுவும் இதுகாறும் வெளிவரவில்லை. (நூலகத்துப் பக்கமே போகாத ஆய்வாளரும் துணிந்து எழுதத்தக்க வாக்கியம் இது ஒன்றே.)

ஆய்வுச் சிக்கல் வருமாறு. 2007 டிசம்பர் 21 அன்று செக் நாடு ஷெங்கன் வட்டத்துக்குள் வந்தது. அன்றுமுதல், பெருந்தொற்றுக் காலம் நீங்கலாக, இத்திசையில் போகிறவரிடம் பாஸ்போர்ட் கேட்பாரில்லை. ஷெங்கன் என்பது லக்சம்பர்க்கில் மோசெல் ஆற்றங்கரையில் உள்ள சிற்றூர். 1985 ஜூன் 14 அன்று ஐந்து நாட்டார் அங்கே ஒரு கப்பலில் அமர்ந்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். வாயிற்கதவைக் கழற்றிவிட்டால் வீட்டுக்குள் நுழைந்த நொடியை எப்படிக் குறிப்பது என்ற கவலை அக்கப்பலில் ஒருவருக்கும் எழவில்லை. விளைவு: ஏ17 என்ற பெயரில் எர்ட்ஸ்கெபிர்கே மலையேறும் சாலை, டி8 என்ற பெயரில் இறங்குகிறது. நடுவில் எப்போது நாடு மாறியது?

பலகைக் கொள்கையர், விண்மீன் வளையத்துக்குள் நாட்டின் பெயர் எழுதிய நீலப் பலகையே எல்லை என்பர். யாருக்கும் புரிகிற கொள்கை, ஆதலின் ஏற்பதற்கில்லை.

வேகக் கொள்கையர் கூற்று வேறு. ஜெர்மன் நெடுஞ்சாலைகளில் பொது வேக வரம்பு கிடையாது. செக் நாட்டில் 130. ஓட்டுநரின் முகம் வாடுமிடம் எல்லை.

சுங்கவில்லைக் கொள்கையர் ஒருகாலத்தில் செல்வாக்குடன் இருந்தனர். 2021 ஜனவரி முதல் கண்ணாடியில் ஒட்டும் வில்லை ஒழிந்து, வண்டி எண்ணை இணையத்தில் பதிந்து பணம் கட்டும் முறை வந்தது. ஒட்டுவதற்கு ஒன்றுமில்லாத கொள்கையர் வேறு துறைக்கு மாறிவிட்டனர்.

இனிக் குறுஞ்செய்திக் கொள்கை. செக் நாட்டுக்கு வரவேற்கிறோம் என்று செல்பேசி சொல்லும் கணமே எல்லை என்பது இதன் மூலம். மூலம் ஒருவரி, உரையோ கடல். ஒரே காரில் இரு நிறுவனச் செல்பேசிகள் இருந்து, முன்னிருக்கைப் பேசி முன்னரும் பின்னிருக்கைப் பேசி பின்னரும் ஒலித்தால், இடைப்பட்ட நேரத்தில் கார் எந்நாட்டது? முன்பாதி செக், பின்பாதி ஜெர்மனி என்பார் நச்சரிப்பார்க்கினியர். அற்றன்று, பேசி யாருடையதோ அவர் மட்டுமே கடந்தார், கார் யாண்டும் இல்லை என மறுப்பார் பின்னிருக்கைவரையர். செல்பேசியை அணைத்து வைத்தவர் இன்னும் டிரெஸ்டனில்தான் இருக்கிறார் என்பதும் அவர் முடிபே. அம்முடிபுக்கு எழுந்த குறிப்புரை, அக்குறிப்புரையைத் திருடியதாகக் கருதப்படும் விளக்கவுரை, ‘திருடியவர் யார்’ என்று ஆராயும் அரும்பதவுரை ஆகிய மூன்றும் ஒரே பெட்ரோல் ரசீதின் பின்புறத்தில் கிடைத்துள்ளன. எண்ணெய்க் கறையால் மூன்றாம் வரி சிதைந்தது. சிதைந்த வரியே ஆழமானது என்பதில் மூவருக்கும் உடன்பாடு.

இது வெறும் ஏட்டுச் சண்டையும் அன்று. ஜெர்மனியில் பொதுவாக ரத்தத்தில் ஆயிரத்துக்கு 0.5 பங்கு மதுவுக்குக் கீழிருந்தால் காரோட்டலாம். செக் நாட்டில் துளியும் ஆகாது. டிரெஸ்டனில் அரைக்கோப்பை பியர் குடித்துப் புறப்பட்டவர், குறுஞ்செய்தி தாமதமானால் அதுவரை நிரபராதியா? இதற்கு விடை கூறிய ஒரே உரைகாரர் அந்த ஓட்டுநர். அவர் சார்புடையவர் என்பதால் விடுத்தோம்.

திரும்பும் திசையில் 2023 அக்டோபரில் ஜெர்மனி சோதனையை மீண்டும் கொண்டுவந்தது. போலீஸ்காரர் கைகாட்டி நிறுத்தினால் ஐயத்துக்கு இடமில்லை. இச்சான்று கொள்கைகள் அனைத்தையும் ஒருங்கே வீழ்த்துமாதலால், இவ்வாய்வு போகும் திசையோடு வரையறுக்கப்படுகிறது.

பயணம் முடியும் பிராக் நகரில் மன்னர் நான்காம் கார்ல் 1357-இல் தொடங்கிய கல்பாலம் உண்டு: 516 மீட்டர், 30 சிலைகள், நல்ல பாலம்.

ஆனால் மேலே பிராக் கோட்டையில்தான் நம் துறைக்கு முன்னோடிகள் உள்ளனர். 1618 மே 23 அன்று புராட்டஸ்டன்ட் பிரபுக்கள், பேரரசரின் பிரதிநிதிகள் இருவரையும் அவர்களுடைய செயலர் பிலிப் ஃபாப்ரிசியுஸையும் ஜன்னல் வழியே வெளியே எறிந்தனர். ஏறத்தாழ 21 மீட்டர் வீழ்ச்சி. மூவரும் பிழைத்தனர். மாதா தாங்கினார் என்றது கத்தோலிக்கத் தரப்பு. சாணக்குவியல் தாங்கியது என்றது மறுதரப்பு. தொடர்ந்து மூண்டது முப்பதாண்டுப் போர். நம் கருத்தரங்குகள் பிற்பகல் தேநீரோடு முடிந்துவிடுகின்றன என்பதை இங்கே நன்றியுடன் குறிக்கலாம்.

பின்னர்ப் பேரரசர் ஃபாப்ரிசியுஸுக்குப் பிரபுப் பட்டம் அளித்தார். பட்டப்பெயர் ‘ஹோஹென்ஃபால்’, அதாவது உயர்ந்த வீழ்ச்சி. விழுந்து பட்டம் பெறும் மரபுக்கு இதுவே உறுதியான பழஞ்சான்று. நெறியாளரின் காலில் விழுந்து பெறும் வழக்கம் இதன் திரிபா, தனிமரபா என்பது ஈண்டு உரைப்பின் பெருகும்; எம் நெறியாளர் ஓய்வு பெற்றபின் விரிப்பாம்.