கேளுங்கள், ஏசமாட்டேன்!

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு வந்த கடிதங்களில் முக்கால்வாசி கம்பஸ் பற்றியவை. மிச்சம் எருமைத் தயிர் பற்றியவை. எனக்குத் தயிருக்குத்தான் பதில் எழுத ஆசை. ஆசிரியர் விடமாட்டேன் என்கிறார்.

கே: நல்ல பல்கலைக்கழகம் எது? – வாசகர், சேருநுவர

ப: உங்களை எடுத்தது.

கே: கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் என்ன வித்தியாசம்? – மாணவர், பூநகர்

ப: அக்கரையில், தமிழ்நாட்டில், கல்லூரி என்றால் பள்ளிக்கூடம் முடித்தவர்கள் போகிற இடம். இக்கரையில் அதுவே பள்ளிக்கூடம். கொழும்பு ரோயல் கல்லூரியில் முதலாம் வகுப்புப் பிள்ளை மூக்கு வடிய நிற்கும். அதுவும் கல்லூரி மாணவர்தான். இந்த வித்தியாசம் தெரியாமல் என் பெரியம்மா பட்ட பாடு பெரிது. வீடியோ டெக்கும் ஜெனரேட்டரும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் விரித்துப் படம் பார்த்த காலம். கதாநாயகன் கொப்பியைச் சுழற்றிக்கொண்டு கல்லூரி வாசலில் ஆடுகிறார். வயது நாற்பதைத் தொட்டிருக்கும். பெரியம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டா: “தலை நரைக்கப் போகுது, இன்னும் சோதினை பாஸ் பண்ணல்லையாடா இவன்?” படம் முடியும்வரை அந்த மனிசன் காதலித்தது அவவுக்குக் கவலையே இல்லை. ஓ.எல்லில் எத்தனை பாடம் கோட்டை விட்டான் என்பதுதான் கவலை.

குழப்பம் வேண்டாமென்றால் ஊரில் எல்லாரும் சொல்வதுபோலக் ‘கம்பஸ்’ என்றே சொல்லுங்கள். ஆனால் தொழில்நுட்பக் கல்லூரி, தேசிய கல்வியியற் கல்லூரி இரண்டும் உண்மையிலேயே பள்ளிக்கூடத்துக்குப் பிந்திய கல்லூரிகள். தாளங்குடாக் கல்வியியற் கல்லூரிக்குப் போய் ஆசிரியராக வந்தவர்களைக் ‘கம்பஸ் கிடைக்காதவர்’ என்று யாராவது சொன்னால், சொன்னவரின் பிள்ளைக்கு அவர்தான் வகுப்பாசிரியராக வரவேண்டும் என்று வெருகல் சித்திரவேலாயுதரை வேண்டிக்கொள்வேன்.

கே: பக்கத்து வீட்டுப் பிள்ளை மெடிசினுக்கு எடுபட்டுவிட்டது. என் மகன் கலைப்பிரிவு. என்ன செய்வது? – தாய், கிளிவெட்டி

ப: வேலி அடையுங்கள். இப்போது கிடுகு நல்ல விலைக்குக் கிடைக்கிறது.

கே: இசட் புள்ளியை எனக்கு விளங்குகிற மாதிரிச் சொல்லுவீர்களா? மகனுக்கே விளங்கவில்லையாம். – கடற்றொழிலாளி, இலங்கைத்துறை

ப: மகனுக்கு விளங்காதது நல்ல சகுனம். விளங்கினவர்கள் எல்லாம் ரியூசன் மாஸ்டராகி, தந்திக்கம்பம் தோறும் தங்கள் முகத்தை ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் தொழிலாலேயே சொல்கிறேன். நீங்கள் கொட்டியாரக் குடாவில் 60 கிலோ பிடிக்கிறீர்கள். உங்கள் மச்சான் வெருகல் ஆற்றில் 60 கிலோ பிடிக்கிறார். (ஆற்றில் 60 கிலோவா என்று சிரிக்க வேண்டாம், உதாரணம்தானே.) யார் கெட்டிக்காரன்? தராசைக் கேட்டால் இரண்டும் ஒன்று என்னும். இசட் புள்ளி அப்படி விடாது. ‘அன்றைக்கு அதே தண்ணியில் இறங்கின மற்றவர்களுக்கு என்ன பட்டது?’ என்று விசாரிக்கும். குடாவில் எல்லாருக்கும் நல்ல மீன். சராசரி 55, ஆளுக்காள் ஏற்ற இறக்கம் 5. நீங்கள் சராசரிக்கு மேலே 5. ஐந்தை ஐந்தால் பிரித்தால் உங்கள் இசட் 1. ஆற்றில் சராசரி 40, ஏற்ற இறக்கம் 10. மச்சான் சராசரிக்கு மேலே 20. பத்தால் பிரித்தால் 2. தராசில் சமமாக நின்றவர் இசட்டில் உங்களை ஏறி மிதித்துவிட்டார். அந்த ஏற்ற இறக்கத்துக்கு நியம விலகல் என்று பெயர். சொன்னால் மீன் ஓடிவிடும் என்பதால் முதலில் சொல்லவில்லை.

இனி மீனை எடுத்துவிட்டுப் பௌதிகவியல், இந்துநாகரிகம் என்று போட்டுக்கொள்ளுங்கள். கஷ்டமான வினாத்தாளில் எடுத்த 60உம் இலகுவான தாளில் எடுத்த 60உம் ஒன்றல்ல என்பதற்காக 2001இல் இந்த முறை வந்தது. மூன்று பாடத்தினதும் சராசரி நாலு தசமத்தில் வரும். நாலாவது தசமத்தில் ஒன்று குறைந்தவர் வெளியே நிற்பார். அந்த நாலாவது தசமத்துக்காகக் கோயிலில் தேங்காய் உடைத்தவர்களை எனக்குத் தெரியும்.

கே: மகனை உயர்தரத்துக்குக் கொழும்பிலே விட்டால் நல்லதல்லவா? – வர்த்தகர், மூதூர்

ப: கொழும்புக்கு நல்லது. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைப்படி, 5 வீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு. திருகோணமலை அந்தப் பதினாறில் ஒன்று. பரீட்சைக்கு முந்திய மூன்று வருடத்தில் எந்த மாவட்டத்தில் கூடுதலாகப் படித்தாரோ அதுவே அவர் மாவட்டம். சலுகையுள்ள இடத்தை விட்டுப் போய், நாட்டிலேயே மிக உயர்ந்த வெட்டுப்புள்ளிகளுள்ள மாவட்டங்களில் ஒன்றின் வரிசையில் நிற்பதற்கு மாதாமாதம் வாடகையும் கட்டப் போகிறீர்கள். வியாபாரி நீங்கள்; இலாபம் எங்கே என்று எனக்குச் சொல்லுங்கள்.

கே: வெருகலில் எப்போது பல்கலைக்கழகம் வரும்? – இளைஞர் கழகம், வெருகல்

ப: மார்கழியில் மகாவலித் தண்ணீர் வருடம் தவறாமல் வருகிறது. அதைக் கேட்டுப் பாருங்கள்.

கே: விண்ணப்பத்தில் முதலில் கிடைக்கக்கூடியதைப் போடவா, விருப்பமானதைப் போடவா? – மாணவி, தோப்பூர்

ப: விருப்பமானதை. அடுத்தது அடுத்த விருப்பம். இப்படியே கடைசி வரை. ‘மெடிசினை முதலில் போட்டவள் எனக்கு ரெண்டாந்தரமா’ என்று விஞ்ஞானபீடம் கோபிக்காது தங்கச்சி. கணினிக்கு ரோசம் கிடையாது. உங்கள் இசட் எந்தத் தெரிவுக்கு எட்டுகிறதோ, மேலிருந்து பார்த்து அதைத் தரும். ஆனால் ஒன்று: போக விருப்பமில்லாத கற்கைநெறியை ‘சும்மா கிடக்கட்டும்’ என்று எழுதாதீர்கள். சும்மா கிடந்ததுதான் கிடைக்கும்.

எங்கள் பக்கத்துப் பெடியன் ஒருவன் விண்ணப்ப முடிவுத் தினத்துக்கு முதல்நாள் இரவு, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலைத் திறந்து அதில் அச்சான ஒழுங்கிலேயே குறியீடுகளை இறக்கினான். ஆறு மாதம் கழித்து, தான் கேள்வியேபடாத ஒரு கற்கைநெறிக்கு எடுபட்டதாகக் கடிதம் வந்தது. கடிதத்தை என்னிடம் கொண்டுவந்து, “சேர், இது என்ன படிப்பு?” என்று கேட்டான். எனக்கும் தெரியவில்லை. இருவரும் தேநீர் குடித்தோம்.

கே: கோணேசபுரி வளாகம் கடற்கரைக்குக் கிட்ட என்கிறார்களே, படிப்பு நடக்குமா? – மாணவர், கட்டைபறிச்சான்

ப: நிலாவெளிக் காற்றுக்கு வெள்ளைக்காரன் டொலர் கட்டுகிறான். உங்களுக்கு அது மஹாபொல புலமைப்பரிசில் காசோடு கிடைக்கிறது, முறைப்பாடு வேறா? 1993இல் இணைந்த கல்லூரியாகத் தொடங்கி, 2001இல் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகமானது. சித்தமருத்துவப் பட்டம் அங்கே உண்டு. என் மூட்டுவலிக்கு அங்கே படித்த ஒரு பிள்ளை தந்த எண்ணெய் கேட்டது. ஆகவே இந்த விஷயத்தில் நான் நடுநிலையானவன் அல்ல.

வீட்டிலிருந்து போய்வரலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பாலங்கள் வந்தபின் போகலாம், முதுகு சம்மதித்தால். முன்பு திருகோணமலை போகிற இந்த வீதியில் ஆற்றுக்கு ஆறு ‘பாதை’ என்கிற இழுவைப் படகுதான். பாதைக்காரர் சோறு தின்னப் போனால் கொட்டியாரபுரப் பற்றின் கல்வி முக்கால் மணிநேரம் கரையில் நிற்கும்.

கே: டை கட்டிய ஒருவர் வந்து மூன்று வருடத்தில் வெளிநாட்டுப் பட்டம் என்கிறார். நம்பலாமா? – தகப்பன், ஈச்சிலம்பற்று

ப: நம் வெயிலில் டை கட்டுகிறவரை நான் எதிலும் நம்புவதில்லை. அது என் வருத்தம். நீங்கள் மூன்று கேள்வி கேளுங்கள். பட்டத் தாளில் யார் பெயர் இருக்கும்? அந்தப் பட்டத்தை மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா? பாதியில் நின்றால் கட்டின காசில் எவ்வளவு திரும்பும்? மூன்றாவது கேள்வியில் அவர் டையைத் தளர்த்தினால் விடை கிடைத்துவிட்டது.

கே: வெளிவாரிப் பட்டத்துக்கு மதிப்பு உண்டா? – எழுதுவினைஞர், சேனையூர்

ப: காரைதீவில் பிறந்த ஒருவர் 1916இல் கொழும்பு தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமா எடுத்தார். அதே வருடம் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பரீட்சையும் பாஸ். 1920இல் லண்டன் பீ.எஸ்ஸி.; லண்டனுக்குப் போகாமலே. பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதல் தமிழ்ப் பேராசிரியர், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியர். நம் சுவாமி விபுலாநந்தர்தான். அவரிடம் போய் ‘நீங்க உள்வாரியா, வெளிவாரியா சுவாமி?’ என்று கேட்டிருப்பீர்களா?

கே: பகிடிவதைக்குப் பயந்து கம்பஸ் போகாமல் விடலாமா? – மாணவர், மூதூர்

ப: அதற்குப் பகிடி என்று பெயர் வைத்ததே எனக்குப் பொறுக்காதது, பகிடியால் சோறு தின்கிறவன் நான். 1997இல் பேராதனைப் பொறியியற்பீட மாணவர் ஒருவர் அந்த வதையால் இறந்தார். அடுத்த வருடம், 1998இல், 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பகிடிவதை குற்றம், சிறைக்குப் போகிற குற்றம். போங்கள். நடந்தால் வீட்டுக்குச் சொல்லுங்கள், எழுத்தில் முறையிடுங்கள். ‘நாங்களும் வாங்கினதுதானே’ என்று சொல்கிற அண்ணன்மாரிடம் யோசனை கேட்காதீர்கள். இரண்டாம் வருடம் உங்கள் முறை வரும்போது கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள்.

கே: மகளுக்கு யாழ்ப்பாணம் கிடைத்திருக்கிறது. எங்கள் வீட்டில் முதல் பிள்ளை. வந்தாறுமூலைக் கம்பஸ் என்றாலாவது கிட்ட. விடப் பயமாக இருக்கிறது. – ஒரு தாய், வெருகல்

ப: அம்மா, உங்கள் பயத்தோடு நான் பகிடி விடமாட்டேன். 2006 யுத்தத்தில் இந்தப் பக்கம் முழுக்கச் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு வாகரைப் பக்கம் நடந்தது. கணக்குப் பார்த்தால் உங்கள் மகள் அப்போது கைக்குழந்தை. இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தவருக்குக் கையை விடுவது என்ன பாடு என்று எனக்கு நீங்கள் சொல்லத் தேவையில்லை.

விடுங்கள். முதல் வருடத்துக்கு விடுதி கேட்டு எழுதச் சொல்லுங்கள். மஹாபொலவுக்கோ உதவிப் பணத்துக்கோ வருமானக் கடிதம் வேண்டும். கிராம அலுவலரிடம் இந்தக் கிழமையே போங்கள், அடுத்த கிழமை அவர் கூட்டத்தில் இருப்பார். மகளிடம் என் சார்பில் ஒன்று சொல்லுங்கள். நான் பேராதனையில் இருந்த நாலு வருடமும் திருகோணமலை, மட்டக்களப்புப் பெடியன்களோடு ஒரே மேசையில் சாப்பிட்டேன். பக்கத்து மேசையில் சிங்களப் பெடியன்கள். எட்டிக் கை நீட்டினால் தொடுகிற தூரம். சிங்களத்தில் ஒரு சொல் பழகவில்லை. அதற்குப் பிறகு முப்பது வருடம் கந்தோர் கந்தோராக, படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நிரப்பித் தர யாராவது வருவார்களா என்று வாங்கில் இருந்தேன், பட்டதாரி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் சிங்களப் பிள்ளைகள் படிக்கிறார்கள். அவள் அந்த மேசைக்கு ஒரு நாளாவது போகட்டும்.

பெட்டியில் என்ன கொடுத்துவிடலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். எதையும் கொடுங்கள், தயிர் முட்டி மட்டும் வேண்டாம். 1976இல் என் அம்மா தந்த முட்டி, கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் பஸ் குலுங்கின குலுக்கில் உடைந்தது. இருந்த இரண்டு சேட்டும் நனைந்தன. முதல் கிழமை விரிவுரையில் எனக்கு இரண்டு பக்கமும் கதிரை காலி. ஆறாம் நாள் ஒருவன் வந்து பக்கத்தில் இருந்து, மூக்கை உறிஞ்சி, மெதுவாகக் கேட்டான்: “மச்சான், எருமைத் தயிர்தானே? எந்த ஊர்?”