பசை மீமாம்சை

கல்யாணத்திற்கென்று இரவல் கொடுத்த காரைத் திரும்பப் பெறுகிறவன், பெட்ரோல் முள் தரை தட்டியிருப்பதையும் பின்னாசனத்தில் அட்சதை இறைந்து கிடப்பதையும் ஒருவாறு சகித்துக்கொள்ளலாம். ஆனால் பானெட்டில் ரோஜாக்களை நிறுத்த ஒட்டிய டேப்பும், பின்கதவில் மணமக்களின் திருநாமங்களைத் தாங்கிய ஸ்டிக்கரும் ஆனி வெயிலில் வெந்து, உரித்தால் மேல்தோல் மாத்திரம் கையோடு வர, பசை முழுவதும் பெயிண்டிலேயே நித்தியவாசம் செய்வதைச் சகிப்பதற்கில்லை. அப்பசையில் வீதிப் புழுதி படிந்து, பெயர்கள் முன்னிலும் ஸ்பஷ்டமாகத் துலங்குகின்றன. தலை நரைத்த நான் கத்தரிக்காய் வாங்கத் தனியே போகையில், சிக்னலில் நிற்பவர்கள் குனிந்து பார்த்து மணப்பெண்ணைத் தேடுகிறார்கள். பூவை வாழைநாரால் கட்டினால் எந்த முகூர்த்தம் தவறிவிடும் என்று கேட்பாரில்லை.

பம்பரின் கருப்புப் பிளாஸ்டிக்கில், அதன் சொரசொரப்பான குழிகளுக்குள் புகுந்துவிட்ட பசையை எடுக்கும் உபாயம் ஒன்றைச் சொல்லவே பேனாவை எடுத்தேன். அதற்குமுன், உபதேசிகளைப் பற்றி ஒரு வார்த்தை.

பசை போக்க ஒரு திரவத்தைச் சிபாரிசு செய்யாத மனிதன் நம் நாட்டில் இன்னும் ஜனிக்கவில்லை. காரைச் சுற்றி நால்வர் கூடினால் அங்கே மதங்கள் ஸ்தாபிதமாகிவிடுகின்றன. அனைத்தையும் கரைப்பது எதுவோ அதுவே பரம்பொருள் என்பது தின்னர் மதத்தாரின் கொள்கை, பசையைக் கரைக்கும் அது, சுமார் 50 மைக்ரானே கனமுள்ள கிளியர் கோட்டையும் பதம் பார்க்குமே, பட்டறையில் மறுபூச்சுப் பூசிய கதவானால் அதோகதிதானே என்று ஆட்சேபித்தால், "பசை போய்விடுமல்லவா?" என்று சாந்தமாகக் கேட்கிறார்கள். நெயில் பாலிஷ் ரிமூவர் சம்பிரதாயத்தாரோ, அதிலுள்ள அசிட்டோன் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கையே இளக்கிவிடும் என்பதை மாயாவாதமென்று தள்ளுகிறார்கள். பெட்ரோல்வாதிகள் கருப்புப் பிளாஸ்டிக்கில் வெளிறிய திட்டுகளை உண்டாக்கிவிட்டு, அதைப் பழைய கறை என்று ஸ்தாபிக்கிறார்கள். திரவமே பொய் என்னும் நாஸ்திகர் ஒருவர் எப்போதும் பிளேடுடன் வருகிறார். கண்ணாடியில் அவர் தரிசனம் செல்லும், பெயிண்டில் கீறலாகவே முடியும். தேங்காய் எண்ணெய், நீலகிரித் தைலம் என்னும் சாத்விக மார்க்கங்களே இவற்றுள் சிலாக்கியமானவை. எனினும் அங்கும் வடகலை தென்கலை உண்டு: எண்ணெயைத் தடவி ஊறவைப்பதே முதல் என்பது ஒரு கட்சி, ஹேர் டிரையரால் இளக்கியபின்பே எண்ணெய் என்பது மறு கட்சி. இத்தனை ஆசாரியர்களில் ஒருவராவது வேட்டியை மடித்துக் கட்டி ஒரு துணியைக் கையில் எடுத்ததாகச் சரித்திரமில்லை.

அடியேனுடைய சித்தாந்தம் சுவாரஸ்யமற்றது: காரை நிழலில் நிறுத்திக் கழுவி, கை பொறுக்கும் சூடு காட்டி, காலாவதியான ஏ.டி.எம். கார்டால் மெல்ல நெம்பி, எஞ்சியதில் எண்ணெய் தடவிக் காத்திருந்து, மிருதுவான துணியால் துடைத்து, ஷாம்புவால் பிசுக்கைக் கழுவி, மெழுகு பூசுவது; எந்தத் திரவமாயினும் கண்ணுக்கு மறைவான ஒரு மூலையில் முதலில் பரீட்சிப்பது. காத்திருப்பது என்ற சொல் வந்ததுமே சபை கலைந்துவிடுகிறது.

கருப்புப் பிளாஸ்டிக் உபாயத்தை இனிச் சொல்லியென்ன பிரயோஜனம்? இதை வாசிக்கும் தாங்களும் இந்நேரம் ஏதோ ஒரு திரவத்தின் நாமத்தை உச்சரித்துக்கொண்டிருப்பீர்கள். அருள்கூர்ந்து அதைத் தங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.