அப்ப நான் அவுட் இல்லத்தானே, சேர்?

போன கிழமை மாத்தளையில் ஒரு கல்யாணம். பஃபே வரிசையில் தட்டோடு நிற்கிறேன். எனக்கு முன்னால் நின்றவர் சோற்றுக் கரண்டியை எடுத்துக்கொண்டு தற்செயலாகத் திரும்பினார். என்னைக் கண்டதும் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"சேர், ஒங்களுக்குக் கண்ணுல புரையாமே?"

"ஆமா தம்பி."

"அப்ப அன்னைக்கு நான் அவுட் இல்லத்தானே?"

ஒப்பரேஷன் எப்போது, துணைக்கு ஆள் இருக்கிறதா, ராத்திரியில் நடமாட முடிகிறதா, ஒன்றும் கிடையாது. நேரே அவுட். தம்பி என்று கூப்பிட்டேனே தவிர ஆளுக்குத் தலை முழுக்க நரை. பக்கத்தில் பேரன் ஐஸ்கிரீம் கேட்டு வேட்டியைப் பிடித்து இழுக்கிறான். அவர் சொல்லும் 'அன்னைக்கு' நடந்தபோது நாட்டுக்கு யார் ஜனாதிபதி என்பதையே யோசித்துத்தான் சொல்ல வேண்டும். பதில் வராமல் கரண்டியைத் தருவதாக இல்லை. பின்னால் வரிசை நீளுகிறது, கோழிக்கறி ஆறுகிறது. அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை. ஆகவே நடந்த கதையை இங்கே முழுசாகச் சொல்லிவிடப் போகிறேன். யார் பக்கம் நியாயம் என்று நீங்களே பாருங்கள்.

அதற்கு முன் என் கண்ணைப் பற்றி இரண்டு வார்த்தை.

பல காலமாகச் சீனி வருத்தம். குளிசை போடுகிறேன், பிளேன்டீயில் சீனி சேர்ப்பதில்லை. கித்துள் கருப்பட்டியை மட்டும் கடித்துக்கொள்கிறேன், அது சீனியில் சேராது என்று நம்புகிற ஆட்களில் நானும் ஒருவன். சீனி வருத்தக்காரருக்குக் கண்புரை மற்றவர்களைவிட வெள்ளெனவே வருமாம். வந்தது. கிளினிக்கில் டொக்டர் அம்மா லைட் அடித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு கண்ணுலயும் இருக்கு, வலது பக்கம் கூட. வெயில்ல நிக்கிற வேலையா?" என்று கேட்டார். சனி ஞாயிறுகளில் கிரிக்கெட் அம்பயர் என்றேன். எழுதிக்கொண்டிருந்த பேனை நின்றது. தலையைக் குனிந்துகொண்டே மருந்துத் துண்டை எழுதி முடித்தார். தோள் மட்டும் குலுங்கியது. படித்தவர்கள் அப்படித்தான் சிரிப்பார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி, "யாரும் கேட்டா முழங்கால்னு சொல்லுங்க" என்றாள். அவள் விபரம் தெரிந்தவள். முழங்கால் கௌரவமான வருத்தம். முழங்கால் போன அம்பயருக்கு ஊரே நாற்காலி இழுத்துப் போடும். ஆனால் அம்பயராக இருந்தவன் பொய் சொல்லலாமா? சங்கத்துக்கு எழுதிய விலகல் கடிதத்தில் 'கண்புரை காரணமாக' என்றே எழுதினேன். கடிதம் செயலாளர் கைக்குப் போகும் முன்பே செய்தி உக்குவளையைத் தாண்டி எல்கடுவ மலைக்கு ஏறிவிட்டது.

அன்று தொடங்கியது அப்பீல்.

கிரிக்கெட் சட்டம் 31 தெளிவாகச் சொல்கிறது: அப்பீல் கேட்காமல் அம்பயர் அவுட் கொடுக்கக் கூடாது. அந்த அப்பீலையும், பந்துவீச்சாளர் அடுத்த பந்துக்கு ஓடத் தொடங்குவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு தொண்டை கிழியக் கத்தினாலும் செல்லாது. இங்கேயோ அடுத்த பந்து வந்து, ஓவர் முடிந்து, மேட்ச் முடிந்து, ஆடியவருக்குக் கல்யாணமாகி, அவர் மகளுக்கும் கல்யாணமாகி, அதற்கு மேல் அப்பீல் வருகிறது. அதுவும் களத்தடுப்பாளர்களிடமிருந்து அல்ல, அவுட்டான ஆட்களிடமிருந்து. சட்டத்தில் இதற்கு இடமே கிடையாது.

தபால் கந்தோரில் வரிசையில் நின்றால் ஒருவர். இரத்தோட்டை பஸ்ஸில் சீட் கிடைத்து உட்கார்ந்தால் பின்சீட்டிலிருந்து ஒருவர். முத்துமாரியம்மன் கோவில் மாசிமகத் தேரில், அஞ்சு தேரும் தெருவில் நிற்க, ஊரே அரோகரா போடுகிற நேரத்தில் வடத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர்: "சேர், சாமி முன்னுக்கு வச்சுச் சொல்லுங்க, பெட்ல பட்டுச்சா இல்லியா?" கட்டாரிலிருந்து ஒரு பையன் வொட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருக்கிறான். முதல் பாதி சுகநலம், மறுபாதி ஸ்டம்பிங். இன்னொருவருக்குத் தான் அவுட் இல்லை என்பது எழுத்தில் வேண்டுமாம். அன்றைக்கு அவர் அவுட்டாகாமல் இருந்திருந்தால் மாவட்ட அணியில் சேர்ந்திருப்பார், மாவட்ட அணியில் சேர்ந்திருந்தால் அரசாங்க உத்தியோகம் கிடைத்திருக்கும் என்கிறார். நான் ஒரு கடிதம் தந்தால் கிராம சேவகரிடம் உறுதிப்படுத்திக்கொள்வாராம். ஓய்வூதிய வயது வந்தவருக்கு உத்தியோகம் எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஒரு வயதான அம்மா சந்தையில் என்னை நிறுத்தி, "எங்க வீட்டுக்காரருக்கு மூச்சு நிக்கிற வரைக்கும் அந்த ரன்அவுட் கவலைதான் ஐயா" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ரன்அவுட்டில் அவர் வீட்டுக்காரர் பாதி பிட்ச்சைக்கூடத் தாண்டவில்லை. கண் இரண்டையும் கட்டிவிட்டாலும் அது அவுட்தான். ஆனால் தக்காளிக் கூடையோடு நிற்கிற விதவையிடம் அதை எப்படிச் சொல்வது?

இதில் ஒன்று கவனித்தேன். நான் அவுட் கொடுத்தவர்கள் எல்லோரும் வருகிறார்கள். நான் நொட்அவுட் கொடுத்தவர்களில் ஒருவர்கூட வரவில்லை. விக்கெட் கீப்பர் கையில் பந்து சேர்ந்த சத்தம் கடைத்தெரு வரைக்கும் கேட்ட நாட்கள் உண்டு. நான் அசையாமல் நின்ற நாட்கள் அவை. அன்றைக்குத் தப்பியவர்கள் அம்பது, அறுபது என்று அடித்து வெற்றிக் கிண்ணமும் வாங்கிப் போனார்கள். "சேர், ஒங்களுக்குக் கண்ணு சரியில்லையாமே, இந்தாங்க அந்த அம்பது ரன்" என்று திருப்பித் தர ஒருவருக்கும் மனம் வரவில்லை.

அடுத்த கேள்வி: புரை எப்போது தொடங்கியது? இதில் ஊர் இரண்டு கட்சி. துடுப்பாட்டக்காரர்கள் புரையைப் பின்னுக்குத் தள்ளுகிறார்கள். பிறவியிலேயே இருந்திருக்கும், வாலிபத்திலேயே மங்கியிருக்கும், சின்னப் பிள்ளைகளுக்கும் புரை வரும் என்று படித்தோம் என்கிறார்கள். பந்துவீச்சாளர்கள் முன்னுக்கு இழுக்கிறார்கள். என் விரலால் விக்கெட் எடுத்து ஊரில் பெயர் வாங்கியவர்கள் அவர்கள், ஆகவே "போன வருஷம் வரைக்கும் சேருக்குக் கழுகுக் கண்" என்று சத்தியம் செய்கிறார்கள். சலூனில் இரு கட்சிக்கும் வாய்த்தர்க்கம் முற்றி, ஒருவர் பாதித் தலையோடு எழுந்து போய்விட்டாராம். சகலதுறை ஆட்டக்காரர் ஒருவர் மட்டும் நடுநிலை. அவர் கணக்கில் எனக்குப் புரை வருவதும் போவதுமாக இருந்திருக்கிறது.

இந்த இடத்தில் எமர்சனைச் சொல்லாமல் போக முடியாது, ஏனென்றால் எல்லோரும் கடைசியில் என்னை எமர்சன் என்றுதான் திட்டுகிறார்கள். மலைநாட்டில் ஒரு அம்பயருக்கு இதைவிடப் பெரிய வசவு கிடையாது. 1999 ஜனவரி 23, அடிலெய்டில் இங்கிலாந்துக்கு எதிரான ஒருநாள் போட்டி. ரொஸ் எமர்சன் நம்ம கண்டிப் பிள்ளை முரளிக்கு, பந்தை எறிகிறார் என்று நோ-போல் கொடுத்தார். அர்ஜுன ரணதுங்க விரலை நீட்டிப் பேசிவிட்டு அணியையே எல்லைக்கோடு வரைக்கும் கூட்டிக்கொண்டு போனார். பிறகு ஆட்டம் தொடர்ந்து, ஒரு விக்கெட்டால் வென்றோம். எமர்சன் அந்த நாட்களில் மன அழுத்தம் காரணமாகத் தன் உத்தியோகத்தில் சுகயீன லீவில் இருந்தவர் என்பது அதற்குப் பிறகுதான் வெளியே வந்தது. மேசைக்குப் போக முடியாத வருத்தக்காரர் மைதானத்துக்குப் போயிருக்கிறார்! அதன்பின் சர்வதேசப் போட்டி எதிலும் அவர் நிற்கவில்லை. என் நிலைமை நேர்மாறு. எனக்கு வருத்தம் என்று தெரிந்ததும் நானே இறங்கிவிட்டேன். அந்த வித்தியாசத்தை எங்கள் ஊரில் யாருக்கு விளக்குவது?

உண்மையாகவே வருத்தம் வந்து இறங்கினாலும் நம்பமாட்டார்கள். இங்கிலாந்தின் மார்க் பென்சன் 2009 டிசம்பரில் அதே அடிலெய்டில், அவுஸ்திரேலியா - மேற்கிந்தியத் தீவுகள் டெஸ்டில் முதல் நாள் நின்றுவிட்டு விலகினார். உடம்புக்கு முடியவில்லை என்று அறிவித்தார்கள். டிஆர்எஸ் முறையில் அவருடைய தீர்ப்பு மாற்றப்பட்ட கோபத்தில் போகிறார் என்று உலகம் கதை கட்டியது. அவர் 2006 இல் டர்பனில் ஒரு டெஸ்டின் நடுவே நெஞ்சுப் படபடப்போடு ஆஸ்பத்திரிக்குப் போன மனுஷன். 2010 பெப்ரவரியில் சர்வதேச அம்பயர் வேலைக்கே முழுக்குப் போட்டார்.

வருத்தத்தால் வாழ்ந்தவர் என்றால் நியூசிலாந்தின் பில்லி பௌடன்தான். வாலிபத்திலேயே முடக்குவாதம் வந்து ஆட முடியாமல் போனதால் அம்பயரானவர். விரலை நேராக நீட்டினால் வலிக்கும் என்பதால் கொக்கி மாதிரி வளைத்துக் காட்டினார், உலகமே ரசித்தது. எனக்கு விரலில் வந்திருக்கக் கூடாதா?

எங்கள் ஆள் ஒருவரையும் சொல்ல வேண்டும். 1982 பெப்ரவரி 17, கொழும்பு பி. சரவணமுத்து மைதானத்தில் இலங்கையின் முதல் டெஸ்ட் தொடங்கியது. முதல் பந்தைச் சந்தித்தவர் யார் என்று கேளுங்கள், பந்துல வர்ணபுர என்று பால்குடிப் பிள்ளையும் சொல்லும். அம்பயர் யார் என்று கேளுங்கள். ஹெர்பி ஃபெல்சிங்கரும் கே. டி. பிரான்சிஸும். பிரான்சிஸ் கேகாலையில் பிறந்த தமிழர், 25 டெஸ்டும் 56 ஒருநாள் போட்டியும் நின்றவர். கடைசிக் காலத்தில் அவரை வாட்டியதும் இந்தச் சீனி வருத்தம்தான். 2013 ஜூனில் கண்டியில் காலமானார். முதல் ஓட்டம், முதல் விக்கெட், முதல் அரைச் சதம் எல்லாம் பொது அறிவுப் புத்தகத்தில் இருக்கிறது, அவர் பெயர் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இது எனக்குச் சிரிப்பு வராத இடம்.

கண்ணைப் பற்றிய வசவில் எங்கள் மாவட்டம் சர்வதேச மட்டத்திலும் நிற்கிறது. ரங்கிரி தம்புள்ளை மைதானம், 2024 பெப்ரவரி 21, ஆப்கானிஸ்தானுக்கு எதிரான டி20. கடைசி ஓவரில் கமிந்து மெண்டிஸுக்கு இடுப்புக்கு மேலே ஒரு முழுப்பந்து. லெக் அம்பயர் லின்டன் ஹனிபல் நோ-போல் கொடுக்கவில்லை. மூன்று ஓட்டத்தால் தோற்றோம். அது கண்ணுக்குப் படவில்லை என்றால் அவர் வேறு வேலை பார்க்கலாம் என்ற தொனியில் வனிந்து ஹசரங்க பேசினார், ஐசிசி இரண்டு போட்டிக்கு அவரை வெளியே உட்கார வைத்தது. அது நோ-போல்தானே என்று என்னிடம் கேட்கிறார்கள். டிவியில் நாலு தரம் மெதுவாகப் போட்டுக் காட்டினால் என் புரைக் கண்ணுக்கே தெரிகிறது. அதற்குக் கண் எதற்கு? கண் வேண்டியது முதல் தரம் பார்ப்பதற்கு. அதோடு, மரத்தடியில் இருந்து கத்துகிறவர்களைத் தடைசெய்ய எங்களுக்கு ஒரு ஐசிசி கிடையாது.

வைத்தியம் சொல்கிறவர்களைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். பொன்னாங்கண்ணி, முருங்கையிலை, நந்தியாவட்டைப் பூ, தேன் சொட்டு, காலையில் பச்சைப் புல்லைப் பார்ப்பது. வாழ்நாளில் பாதியைப் பச்சைப் புல்லைப் பார்த்தே கழித்தவனிடம் இதைச் சொல்கிறார்கள். மருந்துக் கடைக்கார நானா மட்டும் ஆறுதலாக, "நம்ம நாட்டுல இருந்து வெளிநாட்டுக்கெல்லாம் கண்ணு போகுது சேர், ஒங்களுக்கு ஒண்ணு குடுக்க மாட்டாங்களா?" என்றார். ஹட்சன் சில்வா 1961 இல் தொடங்கிய கண்தான சங்கம் அனுப்புவது கருவிழிப் படலம், எனக்குக் கெட்டது அதற்கு உள்ளே இருக்கிற வில்லை. அதை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைப்பார்கள் என்று விளக்கினேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "புதுசு வச்சதும் பழைய மேட்ச் எல்லாம் திரும்பப் பார்ப்பீங்களா?" என்றார். அவரும் ஒரு காலத்தில் ஆரம்பத் துடுப்பாட்டக்காரர் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

முந்தாநாள் சங்கச் செயலாளர் போன் எடுத்தார். சித்திரைப் புத்தாண்டுப் போட்டிக்கு அம்பயர் கிடைக்கவில்லையாம். கல்யாண வீட்டில் கரண்டி பிடித்தவரைக் கேட்டிருக்கிறார், அவருக்கு வெயில் ஒத்துக்கொள்ளாதாம். சலூன் கட்சிகள் இரண்டையும் கேட்டிருக்கிறார், இரண்டு பக்கத்துக்கும் அன்றைக்கு வேறு வேலையாம். "நீங்களே ஒருக்கா வாங்க சேர், லெக் அம்பயரா நின்னாப் போதும். அதுக்கு ஒரு கண்ணு காணும்தானே?" என்கிறார். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

ஆகவே மாத்தளை, உக்குவளை, இரத்தோட்டை, யட்டவத்தைப் பக்கம் இருக்கும் நல்ல கண் உள்ளவர்களே, உங்களில் இரண்டு பேர் தேவை. சட்டப் புத்தகம் நான் தருகிறேன். காலை எட்டரைக்கு மைதானத்தில் நிற்க வேண்டும். பகல் சோறு உண்டு, பஸ் காசு கிடையாது.