லாஜிக் சார்

ஊருக்கு ஒரு லாஜிக் சார் உண்டு. காலை நடை முடித்து டீக்கடை பெஞ்சில் உட்காரும் கூட்டத்தில் அவரைக் கண்டுபிடிப்பது சுலபம். மற்றவர்கள் பேப்பரைப் படிப்பார்கள். இவர் அதைத் திருத்துவார். பெட்ரோல் விலையைப் பார்த்து யாராவது பல்லைக் கடித்தால், "எமோஷனலாப் பேசாதீங்க சார், லாஜிக்காப் பேசுவோம்" என்று கையை உயர்த்துவார். எந்தக் கட்சியையும் சாராதவர் என்பது அவரே கொடுக்கும் நற்சான்றிதழ். வாக்குச்சீட்டில் முத்திரை குத்திய காலத்திலிருந்து இயந்திரத்தில் பொத்தானை அழுத்தும் இந்தக் காலம் வரை அவர் கை ஒரே சின்னத்தைத்தான் தேடிப் போயிருக்கிறது என்பது தெருவுக்கே தெரியும். கோபம் எதிராளிக்கு வந்தால் ஆத்திரம், அவருக்கு வந்தால் அறச்சீற்றம். "நான் கோவப்படலை! லாஜிக்தான் சொல்றேன்!" என்று அவர் போடும் சத்தத்தில் டீ மாஸ்டர் ஆற்றிக்கொண்டிருந்த டீ கையில் கொட்டும். சலூன் சுவரில் 'இங்கு அரசியல் பேசக்கூடாது' என்று மாட்டியிருப்பதை அவர் முழுமனதோடு ஆதரிக்கிறார், அது மற்றவர்களுக்காக எழுதப்பட்டது என்ற நம்பிக்கையில்.

அவரைப் பொய்யர் என்று சொல்லிவிட முடியாது. தம் முடிவுகளெல்லாம் கணக்குப் போட்டு வந்தவை என்று அவர் மெய்யாகவே நம்புகிறார். ஆனால் கணக்கு எப்போது தொடங்குகிறது என்று கவனித்தால் கதை வேறு. 2006 தேர்தலில் தி.மு.க. வண்ணத் தொலைக்காட்சி தருவதாகச் சொன்னது, 2011இல் அ.தி.மு.க. மிக்சி, கிரைண்டர், மின்விசிறி என்றது. தொலைக்காட்சியால் கஜானா காலியாகும் என்று ஐந்து வருடம் புலம்பிய ஒரு லாஜிக் சார், கிரைண்டர் வந்ததும் பெண்களின் உழைப்பு நேரத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். எதிர் பெஞ்சில் இருந்த இன்னொரு லாஜிக் சார், தகவல் தொடர்பு ஏழைக்கும் உரிமை என்று 2006இல் வாதாடியவர், 2011இல் மாநிலத்தின் கடன் சுமைக்காகக் கண்ணீர் விட்டார். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த நியாயம் சரியாக வாக்குறுதி தரும் கட்சி மாறும் நாளில்தான் அவர்களுக்குத் தோன்றியது என்பதுதான் வேடிக்கை. கட்சிக்காரர் முன்பே வந்து உட்கார்ந்துவிட்டார். அறிவு அவருக்காக வாதாட வந்த வக்கீல்.

படிப்பு குறைந்தவர்கள்தான் இப்படி என்று லாஜிக் சார் குறுக்கிடுவார். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டான் கஹானும் சகாக்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வு அவருக்கு அவ்வளவு ருசிக்காது. ஒரு தோல் களிம்பு பலன் தந்ததா என்று எண்களைப் பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். கணக்கில் கெட்டிக்காரர்கள் பெரும்பாலும் சரியாகச் சொன்னார்கள். அதே எண்களுக்கு மேல் தலைப்பை மட்டும் மாற்றி, பொது இடத்தில் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச்செல்லத் தடை போட்ட நகரங்களில் குற்றம் கூடியதா குறைந்ததா என்று கேட்டார்கள். இப்போது பலருடைய விடை அவரவர் அரசியல் பக்கம் சாய்ந்தது. கணக்கில் கெட்டிக்காரர்களிடம் அந்தப் பிளவு குறையவில்லை, கூடியது. தங்களுக்குப் பிடித்த முடிவு மேலோட்டமாகத் தெரிந்தால் அவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். பிடிக்காததாகத் தெரிந்தால் மட்டும் பென்சிலைக் கூர் சீவினார்கள். மறுபடி செய்துபார்த்த எல்லோருக்கும் அதே விடை கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்தப் பத்தியில் லாஜிக் சார் அடிக்கோடு போடப்போகிற வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

சரி, உணர்ச்சியை அறவே துடைத்துவிட்டால் நல்ல முடிவு வருமா? நரம்பியல் அறிஞர் அந்தோனியோ டமாசியோ 1994இல் எழுதிய நூலில் இதற்குப் பதில் இருக்கிறது. மூளையின் முன்பகுதி சேதமாகி, அறிவு குறையாமல் உணர்ச்சி மட்டும் மங்கிப்போன சிலரை அவர் கவனித்தார். அவர்களில் ஒருவரிடம் அடுத்த முறை வர இரண்டு தேதிகளைச் சொல்லி, எது வசதி என்று கேட்டார். அந்த மனிதர் நாட்குறிப்பைப் புரட்டி, வேறு வேலைகள், வானிலை என்று இரண்டு தேதிகளுக்கும் சாதக பாதகங்களை ஏறக்குறைய அரை மணி நேரம் அடுக்கிக்கொண்டே போனார். முடிவுக்கு மட்டும் வரவில்லை. டமாசியோவே ஒரு தேதியைச் சொன்னதும், சரி என்று எழுந்து போய்விட்டார். கலப்படமில்லாத லாஜிக் சார் என்றால் அவர்தான். நம் பெஞ்சுக்காரர் அரை நொடியில் தீர்ப்பு சொல்கிறவர். அந்த வேகம் எங்கிருந்து வருகிறது என்று அவர் யோசித்ததில்லை.

அப்படியானால் புள்ளிவிவரத்தைப் பரணில் போட்டுவிடலாமா என்று கேட்பவர் உண்டு. கூடாது. பள்ளி மதிய உணவின் கதையைப் பார்க்கலாம். 1920இல் நீதிக்கட்சி நிர்வாகத்தில் இருந்த சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் அதைத் தொடங்கியது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து செலவழிக்க ஆங்கிலேய அரசு ஒப்பாததால் 1925இல் அது நின்றுபோனது. கணக்கு வென்றது, பிள்ளைகள் பட்டினி. பிறகு காமராஜர் காலத்தில் அது மாநிலம் முழுக்கப் பரவியது. சிறுவயதில் பசி அறிந்த எம்.ஜி.ஆர். 1982 ஜூலையில் சத்துணவாக அதை விரித்தபோது, கட்டுப்படியாகாத கவர்ச்சித் திட்டம் என்று படித்தவர்கள் பலர் கணக்குக் காட்டினார்கள். ஆனால் 2001இல், சமைத்த உணவு எல்லா மாநிலங்களின் அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் தரப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது. யாருடைய பசி கணக்கில் சேர வேண்டும் என்பதை எந்தக் கூட்டல் கழித்தலும் சொல்லித் தராது. அதை முடிவு செய்தது ஒரு உணர்ச்சி. ஆனால் அரிசி எவ்வளவு, வாரத்துக்கு எத்தனை முட்டை, வழியில் யார் மூட்டையைப் பிரிக்கிறார்கள் என்பதற்குக் கணக்குப்பிள்ளை இல்லாமல் ஆகாது. லாஜிக் சாரின் திறமைக்கு இங்கே ஏராளமாக வேலை இருக்கிறது. அவரோ பசியே ஒரு எமோஷன் என்று வாசலில் நின்று மறிக்கிறார்.

உணர்ச்சியைக் கிளறிவிட்டுக் குளிர்காயும் அரசியல்வாதிகள் இல்லையா, தலைவர் இறந்தால் தீக்குளித்தவர்கள் இல்லையா என்பது அவருடைய கடைசி ஆயுதம். கூரான ஆயுதம்தான். ஆனால் சாதிக் கலவரத்துக்கு ஆள் திரட்டுகிறவன் வெறுங்கையோடு வருவதில்லை. நம்மவர் எத்தனை பேர், அவர்கள் எத்தனை பேர், எந்த வேலை யாருக்குப் போயிற்று என்று லாஜிக் சார் போலவே பட்டியலோடுதான் வருகிறான். வெளியே தெரியும் பயத்தோடு பேச்சுக் கொடுக்கலாம்: எதற்குப் பயம், அது நியாயமா என்று கேட்கலாம். பட்டியலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட பயத்திடம் அப்படிக் கேட்க வழியில்லை. ஒரு பட்டியலைத் தட்டிவிட்டால் அது அடுத்ததன் பின்னால் போய் நிற்கும். அதனால் லாஜிக் சாரிடம் எண்ணுக்கு எண் மோதுவது வீண். "எந்தத் தகவல் கிடைச்சா உங்க முடிவை மாத்திக்குவீங்க சார்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, நிதானமாகச் சொல்வார்: "அப்படி ஒரு தகவல் இருக்கவே முடியாதுங்க. லாஜிக்காவே முடியாது."