வயிற்றில் புளியைக் கரைத்தது யார்?

கேள்வி: பயந்தால் ‘வயிற்றில் புளியைக் கரைத்தது’ என்கிறார்களே, வேறு சாமானே அகப்படவில்லையா? மிளகாயை அரைத்திருக்கலாம், எலுமிச்சையைப் பிழிந்திருக்கலாம்.

பதில்: மிளகாய் எரியும். எலுமிச்சை ஒரே பிழியில் முடிந்துவிடும். பயம் இரண்டு ரகத்திலும் சேராது. எலுமிச்சங்காய் அளவு புளியை (எலுமிச்சைக்கு இங்கே அளவுகோல் உத்தியோகம் மட்டும்தான்) வெந்நீரில் ஊறப்போட்டு, ஐந்து விரலையும் உள்ளே விட்டுப் பிசைந்து, கொட்டையையும் நாரையும் ஒதுக்கி, மறுபடி தண்ணீர் விட்டுப் பிசைகிற கையைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். தெளிந்திருந்த தண்ணீர் கலங்கிப் பழுப்பாகிவிடும். சக்கையில் இன்னும் இருக்கிறது என்று அந்தக் கை திரும்பத் திரும்ப உள்ளே போகும். அதே கை ரசச் சட்டியை விட்டுத் தொப்புளுக்குக் கீழே வேலை செய்தால் எப்படி இருக்கும்? மேலாளர் “கொஞ்சம் உள்ளே வாங்க” என்று சொல்லிக் கதவைச் சாத்தும்போது இருக்கிற மாதிரியே இருக்கும்.

புளிக்கு வயிற்றை இளக்கும் குணமும் உண்டு. ஆகவே இந்தச் சொலவடையைச் செய்தவர், பயத்தின் தொடக்கத்தை மட்டுமல்லாமல் முடிவையும் யோசித்தே பொருளைத் தேர்ந்தெடுத்தார் என்று சந்தேகிக்க இடமிருக்கிறது.

கேள்வி: நல்ல சேதி வந்தால் ‘வயிற்றில் பாலை வார்த்தது’ என்கிறோம். ஏற்கெனவே புளி கரைத்த வயிற்றில் பாலை ஊற்றினால் திரிந்துபோகாதா?

பதில்: திரியும். புளி கரைக்காத வயிற்றிலும் திரியும். இரைப்பையின் அமிலம் பட்டால் பாலில் உள்ள கேசின் என்ற புரதம் கட்டிகட்டியாகும். கைக்குழந்தை கக்கும் பால் தயிர்த் திப்பியாக வருவது அதனால்தான். பிள்ளை பாஸ் என்று தெரிந்த வீட்டில் இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை.

கேள்வி: தேர்வு நாளில் ஒரு வாய் இட்லி இறங்க மாட்டேன் என்கிறது. கழிவறைக்கு மட்டும் நாலு நடை. உள்ளே போகாதது எப்படி வெளியே வருகிறது?

பதில்: வருவது நேற்றைய இட்லி. கேள்வியின் மற்ற பாதிக்கு ஒரு பூனையிடம் பதில் இருக்கிறது.

எக்ஸ்ரே 1895-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளிலேயே ஹார்வர்டில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த வால்டர் கேனன், பூனைகளுக்கு பிஸ்மத் உப்பு கலந்த உணவு கொடுத்து, இரைப்பை அசைவதை எக்ஸ்ரேயில் பார்க்கத் தொடங்கினார். பூனை அமைதியாக இருக்கும்வரை அலையலையாக அசைவு. அது மிரண்டாலோ சீறினாலோ அசைவு சட்டென்று நின்றது. தடவிக் கொடுத்துச் சமாதானம் செய்ததும் மறுபடி தொடங்கியது. செரிமானத்தைப் படிக்க வந்தவர் பயத்தைப் படிக்கத் தொடங்கிவிட்டார். வலியிலும் பசியிலும் பயத்திலும் கோபத்திலும் உடம்பு என்ன ஆகிறது என்று 1915-இல் ஒரு புத்தகமே எழுதினார்.

அவர் காட்டியதன் சாரம் இது. ஆபத்து என்று மூளை முடிவு செய்தால் சிறுநீரகங்களின் தலைமேல் குல்லா மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் அட்ரினலினைக் கொட்டும். இதயம் வேகம் பிடிக்கும். வயிற்றுக்கும் தோலுக்கும் போக வேண்டிய ரத்தத்தில் ஒரு பங்கு கை கால் தசைகளுக்குத் திருப்பிவிடப்படும். ஓடுவதா, அடிப்பதா என்ற நேரத்தில் இட்லியைச் செரிப்பது அவசர வேலை இல்லை. பெருங்குடல் மட்டும் நேர் எதிர்க்கட்சி; இது கேனனுக்குப் பின்னால் வந்தவர்கள் கண்டது. பதற்றத்தின்போது மூளை விடுகிற ஒரு ஹார்மோன் இரைப்பையை மந்தமாக்கிவிட்டுப் பெருங்குடலை முடுக்கிவிடும். மேலே கடையடைப்பு, கீழே சரக்கு வெளியேற்றம். தேர்வு மையங்களில் முதல் மணி அடிக்கும் முன் கழிவறை வாசலில் வரிசை நிற்பதற்கு இவ்வளவு பெரிய பின்னணி இருக்கிறது.

கேள்வி: கடைசி நேரத்தில் பின்வாங்கும் மாப்பிள்ளைக்கு ‘கோல்டு ஃபீட்’ என்கிறது ஆங்கிலம். பாதம் குளிர்வது நிஜமா? நம்மூர் மாப்பிள்ளைகள் இந்த விஷயத்தில் எப்படி?

பதில்: நிஜம். தோலடி ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் விரல் நுனிகள்தான் முதலில் சில்லிடும். ‘கை காலெல்லாம் ஜில்லிட்டுப் போச்சு’ என்கிற நாம் கையையும் சேர்த்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

நம்மூரில் பின்வாங்குவதற்கென்றே சில கல்யாணங்களில் ஒரு சடங்கு உண்டு. குடை, தடி, விசிறி சகிதமாகக் காசியாத்திரை கிளம்பும் மாப்பிள்ளையைப் பெண்ணின் தகப்பனார் வழிமறித்துக் கூட்டி வருவார். போவதுபோல் போவதும் தடுப்பதுபோல் தடுப்பதும் முன்கூட்டியே பேசி முடித்த ஏற்பாடு என்பதால் யாருடைய பாதமும் குளிர்வதில்லை.

கேள்வி: ‘ஈரக்குலை நடுங்கிப்போச்சு’ என்பார் என் பாட்டி. அது உடம்பில் எங்கே இருக்கிறது?

பதில்: ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடைக்குப் போனால் பார்க்கலாம். மூச்சுக்குழாயோடு நுரையீரல், இதயம், ஈரல் எல்லாம் ஒரே கொத்தாகக் கொக்கியில் தொங்கும். ஈரலும் கூட்டாளிகளும் சேர்ந்த குலை, ஈரக்குலை. கடைக்காரர் பக்கத்துக் கொக்கியிலிருந்து தொடைக்கறியை இழுத்தால் இங்கே இதுவும் சேர்ந்து ஆடும். பாட்டி சொன்னது அந்த ஆட்டத்தைத்தான்.

ஈரலுக்கு இந்த மரியாதையைத் தருவது நாம் மட்டுமில்லை. பயந்தவனுடைய ஈரல் பயற்றளவாகச் சுருங்கிவிட்டது என்பார்கள் கொரியர்கள். துணிச்சல்காரனுக்கு அங்கே பெரிய ஈரல். சீனர்களின் கோழைக்குப் பித்தப்பை சிறியது. ஜெர்மானியர்களுக்கு இதயம் நழுவிக் கால்சட்டைக்குள் விழுந்துவிடும். உள்ளபடி பயத்தில் ஈரல் சுருங்குவதும் இல்லை, நடுங்குவதும் இல்லை. அட்ரினலின் வந்த மாத்திரத்தில் சேமித்து வைத்திருந்த சர்க்கரையை ரத்தத்தில் அவிழ்த்துவிடுகிறது. ஊரே பயந்து கிடக்கும்போது ஒழுங்காக வேலை பார்க்கும் உறுப்புக்கு இந்தப் பெயர் வந்தது கொஞ்சம் அநியாயம்.

கேள்வி: நண்பர்கள் என்னைத் ‘தொடைநடுங்கி’ என்கிறார்கள். தொடை நடுங்குபவன் எல்லாம் கோழையா?

பதில்: மகாபாரதத்தில் இதற்கு இரண்டு சாட்சிகள் இருக்கிறார்கள். ஒருவன் உத்தரகுமாரன். அந்தப்புரப் பெண்களிடம் கௌரவ சேனையை ஒரு கை பார்ப்பதாக அளந்துவிட்டுத் தேர் ஏறிப் போனான். எதிரே பீஷ்மர், துரோணர், கர்ணன் நிற்பதைக் கண்டதும் தேரிலிருந்து குதித்து வந்த வழியே ஓட்டம் பிடித்தான். பிருகன்னளை வேடத்திலிருந்த அர்ஜுனன் துரத்திப் பிடித்து அவனைத் தேரோட்டியாக உட்காரவைத்தான். வாய்ச்சொல் வீரருக்கெல்லாம் இன்றுவரை அவன் பெயர்தான்.

மற்றவன் அந்த அர்ஜுனனேதான். குருக்ஷேத்திரத்தில் தேர் நின்றதும் அவன் கிருஷ்ணனிடம் சொல்வதை ஒரு மருத்துவர் கேட்டால் நோட்டுப் புத்தகத்தை எடுத்துவிடுவார். அங்கம் தளர்கிறது, வாய் உலர்கிறது, உடல் நடுங்குகிறது, மயிர் சிலிர்க்கிறது, காண்டீபம் கையிலிருந்து நழுவுகிறது, தோல் எரிகிறது, தலை சுழல்கிறது. தோல் எரிவது ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் கேனன் எழுதியதோடு ஒத்துப்போகும். சாவுக்கு அஞ்சியவன் ஒருவன், சொந்தக்காரர்களைக் கொல்ல அஞ்சியவன் இன்னொருவன். தொடைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. தசைகளில் அட்ரினலின் பட்டால் அது நடுங்கும். நண்பர்களிடம், நடுங்கியது உண்மை, ஓடியது எப்போது என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: பாம்பைப் பிடித்து வெளியே விடுவேன். சுடுகாட்டு வழியாக இரவில் சைக்கிளில் வருவேன். மேலதிகாரியைக் கண்டால் மட்டும் நடுக்கம். இது என்ன நோய்?

பதில்: நோய் இல்லை, இலக்கணம். உணர்ச்சிகள் உடம்பில் வெளிப்படுவதை மெய்ப்பாடு என்று எட்டாகப் பிரித்த தொல்காப்பியம், அதில் ஒன்றான அச்சத்துக்கு நான்கு காரணம் சொல்கிறது. அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. அணங்கு என்றால் பேய், தெய்வம் வகையறா. இறை என்றால் மேலே இருப்பவர். உங்களை முதல் இரண்டும் பிடிக்கவில்லை, நான்காவது வசமாகப் பிடித்திருக்கிறது. மூன்றாவதைப் பற்றி எழுதவில்லை. வீட்டு விலாசத்தையும் எழுதாமல் இருந்தது நல்லது.

கேள்வி: கூட்டத்தில் பேச எழுந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. வக்கீலுக்குப் படிக்க ஆசை. படிக்கலாமா?

பதில்: பயத்தில் உமிழ்நீர் வற்றும், அதனால்தான் ஒட்டுகிறது. இதை நம்பி ஒரு காலத்தில் நீதியே வழங்கியிருக்கிறார்கள். திருட்டுச் சந்தேகத்தில் பிடிபட்டவரை அரிசி மெல்லச் சொல்லித் துப்ப வைத்து, ரத்தம் தெரிகிறதா, உடம்பு நடுங்குகிறதா என்று பார்க்கும் சோதனை தர்மசாஸ்திரங்களில் இருக்கிறது. நிரபராதியாகப் பிறந்தும் கூச்சசுபாவியாக இருந்தவர்களின் கதி என்ன என்பதை அந்த நூல்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

வக்கீல் விஷயத்துக்கு வருவோம். 1891-இல் லண்டனில் பாரிஸ்டராகித் திரும்பிய இளைஞர் ஒருவர், பம்பாயில் சிறுவழக்கு நீதிமன்றத்தில் தன் முதல் வழக்குக்கு எழுந்தார். கட்டணம் 30 ரூபாய். எதிர்த் தரப்புச் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். தலை சுற்றியது, நீதிமன்றமே சேர்ந்து சுற்றுவதுபோல் இருந்தது, கேட்க ஒரு கேள்வியும் வரவில்லை. உட்கார்ந்துவிட்டார். வழக்கு 51 ரூபாய்க்கு வேறொருவரிடம் போனது. தென்னாப்பிரிக்கா போகும்வரை அவர் மறுபடி வாதாட நிற்கவில்லை. இதைத் தன் சுயசரிதையில் மறைக்காமல் எழுதியிருப்பவர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. விண்ணப்பப் படிவம் வாங்குங்கள்.

கேள்வி: நடுக்கத்தை நிறுத்த மாத்திரை இருக்கிறதாமே? பாட்டுக் கச்சேரிக்கு முன் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: இருக்கிறது. 1960-களில் ஜேம்ஸ் பிளாக் இதய நோயாளிகளுக்காக உருவாக்கிய ப்ரோப்ரனலால். அவருக்கு 1988-இல் நோபல் பரிசு கிடைத்தது. அட்ரினலின் போய் ஒட்டும் இடத்தில் இது முன்கூட்டியே துண்டு போட்டு உட்கார்ந்துகொள்ளும். மனம் பதறினாலும் கை நடுங்காது. மேடைக் கலைஞர்கள் சிலர் மருத்துவர் எழுதிக் கொடுத்துச் சாப்பிடுவதுண்டு.

துப்பாக்கி சுடுபவர்களுக்கோ கண்டிப்பான தடை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரியாவின் கிம் ஜோங் சு பிஸ்டல் போட்டிகளில் ஒரு வெள்ளியும் ஒரு வெண்கலமும் வாங்கி, சோதனையில் இந்த மருந்து தெரிந்ததும் இரண்டையும் இழந்தார். சபாக்களில் அப்படிச் சோதனை கிடையாது. ஆனாலும் பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரை அட்டையிலிருந்து ஒன்றைக் கிள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டாம். ஆஸ்துமா உள்ளவருக்கு இது மூச்சுக் குழாயை இறுக்கிவிடும். பாடப் போகிறவருக்குக் கை நடுங்கினாலும் பரவாயில்லை, மூச்சு வேண்டும்.