அருகியல்: வாசற்புல் குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வு எல்லை

தென்காசி மாவட்டத்திலும் ஓர் ஆலங்குளம் உண்டு; இவ்வாய்வு அதைத் தொடாது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில், அரசு சிமெண்ட் ஆலை உள்ள ஆலங்குளமே களம். அதிலும் ஆய்வாளர் வீட்டு வாசல், பத்தடிக்கு ஆறடி. ஆய்வு வினா: பாடுபடாமல் வாசலுக்கு அழகு தரும் புல் எது?

2. முன்னாய்வுகள்

கல்யாண வாழ்த்தில் ஆல், அருகு, மூங்கில் மூன்றும் வரும். தாவரவியல்படி மூங்கிலும் புல் குடும்பம்தான். ஆக, மூன்றில் இரண்டு புல், ஆல் சிறுபான்மை. இருந்தும் ஊர்ப்பெயரைப் பிடித்துக்கொண்டது ஆல். 1970-ல் ஆலை வந்தது. அருகை யாரும் அழைக்கவில்லை; தானே வந்தது.

1753-ல் லின்னேயஸ் இதற்கு ஒரு பெயர் வைத்தார். 1805-ல் பெர்சூன் அதை மாற்றி, சைனோடான் டாக்டிலான் என்றார். சைனோடான் என்றால் நாய்ப்பல். நாய்க்குப் பேர்போன ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் நாய்ப்பல் முளைத்திருப்பதைத் தற்செயல் என்று விட்டுவிட ஆய்வாளருக்கு மனமில்லை.

3. முதல் சோதனை

நர்சரியில் கொரியன் புல் வாங்கிப் பாய் விரித்தாற்போல் பதித்தோம். இருவேளையும் தண்ணீர். வாய்மொழிச் சான்று அளித்தவர் எதிர்வீட்டுப் பெரியம்மா: "காசு குடுத்தா புல்லு வாங்குனீக? மாடு எத்தன நிக்கு?"

சித்திரையில் ஒரு வாரம் வெளியூர் போய்த் திரும்பினால், புல் கோரைப்பாய் நிறத்தில் கிடந்தது.

4. இரண்டாம் சோதனை (நாம் செய்யாதது)

அதே வாரத்தில், வாசல் சிமெண்ட் தளத்தின் விரிசலில் அருகு பச்சையாக எட்டிப்பார்த்தது. சிமெண்ட் செய்யும் ஊரில் இதற்குத் துணிச்சல் வேண்டும்.

துணிச்சலின் காரணம் மண்ணுக்குள் இருக்கிறது. ஒரு தண்டு தரையோடு படரும். இன்னொன்று தரைக்கடியில் ஓடும். கணுவுக்குக் கணு வேர்விடும். மேலே கருகினாலும் அடியில் உயிர் இருக்கும். கரிசல் சம்சாரியைக் கேளுங்கள்: மண்வெட்டியால் எவ்வளவு வெட்டி எடுத்தாலும், ஒரு கணு தங்கினால் காடு மறுபடி அருகுக்குத்தான். பருத்திக்கு நடுவே முளைத்தால் களை, பிள்ளையார் கழுத்தில் ஏறினால் மாலை. ஆகவே அழகுப்புல் என்பது இனமல்ல, முகவரி.

5. வளர்ப்பு முறை

நடவு: ஐப்பசி மழைக்கு முன் இரண்டு மூன்று கணுவுள்ள துண்டுகளை ஊன்றுக.

நீர்: வேர்பிடிக்கும்வரை ஊற்றுக. பிறகு மறந்துவிடலாம், அது கோபித்துக்கொள்ளாது.

வெயில்: நிறைய. நிழலில் மெலியும். ஆலடியில் அருகு செழிக்காது என்பது, இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி மணமக்களை வாழ்த்தியவர்கள் கவனிக்காத நுணுக்கம்.

கத்தரிப்பு: சதுர்த்திதோறும் பூசைக்குப் பறிக்க வருவோர் இலவசமாகச் செய்வர்.

எச்சரிக்கை: ரோஜாப் பாத்திப் பக்கம் விடற்க. பிறகு ரோஜாவே விருந்தாளி.

6. தேர்வு

புறத் தேர்வாளராக வெள்ளாடு ஒன்று கேட் திறந்திருந்த நேரம் பார்த்து வந்தது. ஆய்வேட்டின் மேல் அரை மணி நேரம் செலவிட்டது. தேர்வாளர்கள் வழக்கமாகச் செய்வதையே அதுவும் செய்தது: நுனிப்புல் மேய்ந்துவிட்டு, கருத்து எதுவும் சொல்லாமல் போய்விட்டது.

அடுத்த வாரம் ஆய்வு மறுபடி துளிர்த்தது.