வாட்டைக் குறையுங்கள், விசிறி வாயை மூடும்

கேள்வி: டெஸ்க்மினி எக்ஸ்300 வாங்கினேன். அதில் போட ரைசன் 5 5600ஜி வாங்கினேன். பிராசஸரோடு வந்த கூலரை மாட்டினால் மூடி மூடமாட்டேன் என்கிறது. சத்தம் போடாத குட்டி கூலர் ஒன்றின் பெயர் சொல்லுங்கள். பெயர் மட்டும் போதும், பாடம் வேண்டாம்! (வாசகர், கோவை)

பதில்: நாக்டுவா என்எச்-எல்9ஏ, ஏஎம்4 சாக்கெட்டுக்கானது. பெயரோடு நிறுத்திக்கொள்ளலாம்தான். நிறுத்தினால் அடுத்த மாதம் உங்களிடமிருந்தே 'சத்தம் போடுகிறதே' என்று இரண்டாவது கேள்வி வரும். அதனால் கொஞ்சம் பாடமும் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கேபினெட்டின் மொத்தக் கொள்ளளவு 1.92 லிட்டர். கூலருக்கு அது விட்டிருக்கும் உயரம் 46 மி.மீ. பிராசஸரோடு வந்த ரெய்த் ஸ்டெல்த் 54 மி.மீ. உயரம், மூடி எப்படி மூடும்? தெர்மல்ரைட் ஏஎக்ஸ்பி90-எக்ஸ்47 நல்ல கூலர். பெயரிலேயே உயரத்தைச் சொல்லிவிடுகிறது: 47 மி.மீ. ஒரே ஒரு மில்லிமீட்டரில் போச்சு! என்எச்-எல்9ஏ 37 மி.மீ.தான், தாராளமாக உட்காரும். அந்த 37-இல் விசிறிக்கு 14 போனால் ஹீட்சிங்குக்கு மிஞ்சுவது 23 மி.மீ. உங்கள் பிராசஸரின் பெட்டியில் 65 வாட் என்று போட்டிருந்தாலும் ஏஎம்4 சாக்கெட்டில் அந்த வகுப்புக்கு அனுமதி 88 வாட் வரை. அத்தனை சூட்டையும் 23 மி.மீ. உலோகத்தின் தலையில் கட்டினால், அது விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டுத்தான் சமாளிக்கும். சத்தம் அங்கேதான் பிறக்கிறது. சிறிய கேபினெட்டில் அமைதி வேண்டுமென்றால் எந்தக் கூலர் என்பது இரண்டாவது கேள்வி. பிராசஸரை எத்தனை வாட் குடிக்க விடப்போகிறோம் என்பது முதல் கேள்வி.

கேள்வி: யூடியூபில் வெள்ளைக்காரர் ஒருவர் இதே கூலர், இதே பிராசஸருக்கு 84 டிகிரி காட்டுகிறார். என் வீட்டில் 95-ஐத் தொட்டுவிட்டு அலறுகிறது. எனக்கு வந்தது டூப்ளிகேட்டா? (வாசகர், சென்னை)

பதில்: கூலரைச் சந்தேகிக்கும் முன் காலண்டரைப் பாருங்கள், மே மாதம். கூலரால் பிராசஸரை அறையின் வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோக முடியாது. அறையின் வெப்பத்துக்கு மேல் எத்தனை டிகிரியில் நிறுத்துகிறது என்பதுதான் அதன் திறமை. ஒரு வாட்டுக்கு 0.7 டிகிரி ஏறவிடும் கூலர் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 88 வாட்டுக்கு ஏறுவது கிட்டத்தட்ட 62 டிகிரி. 22 டிகிரி அறையில் சோதித்தவருக்குக் கிடைப்பது 84. மின்விசிறி மட்டும் ஓடும் சென்னை அறையில், மத்தியானம் 40 டிகிரியில், அதே கூலர் 102-ஐக் காட்ட வேண்டும். 5600ஜி-யின் உச்சவரம்பு 95 என்பதால் அது அங்கேயே நின்று, தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. விசிறியோ அதற்குள் உச்சஸ்தாயிக்குப் போய்விட்டது. ஆக உங்களுக்குக் கிடைப்பது முழு வேகமும் இல்லை, அமைதியும் இல்லை. இப்போது அதே கணக்கில் 88-ஐ எடுத்துவிட்டு 45 வாட்டைப் போடுங்கள். ஏறுவது 32 டிகிரிக்கும் குறைவு. அதே 40 டிகிரி அறையில் பிராசஸர் 72-க்குள் நிற்கிறது. கூலர் மாறவில்லை, வெயில் மாறவில்லை. இதை எழுதும்போதே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: குளிரூட்டிய அறையில் எடுத்த சோதனை முடிவுகளைப் பார்த்து நம் ஊரில் கூலர் வாங்குகிறவர்கள், அறை வெப்பத்துக்கு மேல் எத்தனை டிகிரி என்ற எண்ணைத் தேடுங்கள். அதைப் போடாத விமர்சனத்தின் 84-ஐ நம்பி ரிச்சி தெருவுக்குக் கிளம்ப வேண்டாம்.

கேள்வி: வேகத்துக்காகத்தானே காசு கொடுத்தேன்? குதிரையை வாங்கிக் காலைக் கட்டச் சொல்கிறீர்களே, நியாயமா? (வாசகர், திருச்சி)

பதில்: நியாயமான ஆட்சேபம், அதனால் நீளமாகவே பதில் சொல்கிறேன். சில்லு குடிக்கும் மின்சாரம் அதன் வேகத்தோடும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் ஏறுகிறது. வேகத்தைக் கடைசி எல்லை வரை தள்ளும்போது மின்னழுத்தத்தையும் கூடவே ஏற்ற வேண்டியிருக்கிறது. இரண்டும் பத்துப் பத்து சதவீதம் ஏறினால் 1.1-ஐ மூன்று முறை பெருக்குங்கள்: 1.33. அதாவது 10 சதவீத வேகத்துக்கு 33 சதவீத மின்சாரம், 33 சதவீதச் சூடு. தயாரிப்பாளர்கள் சோதனைப் பட்டியலில் முதலிடம் பிடிக்க வேண்டியிருப்பதால், இந்த விலையேறிய கடைசிப் பத்து சதவீதத்தையும் தொழிற்சாலையிலேயே திறந்துவிட்டு அனுப்புகிறார்கள். பெரிய கேபினெட்டில், 160 மி.மீ. உயரக் கூலருக்கு அது பாரமே இல்லை. இரண்டு லிட்டர் பெட்டியில் அந்தக் கடைசி மெகாஹெர்ட்ஸ்கள்தாம் சத்தத்தில் பெரும்பகுதிக்குக் காரணம். வாட் வரம்பைக் குறைப்பதால் எல்லா வேலையும் மெதுவாகிவிடுவதும் இல்லை. பிரவுசர் திறப்பது, வேர்டில் தட்டச்சு செய்வது, படம் பார்ப்பது எல்லாம் ஒன்றிரண்டு கோர்களைக் கொஞ்ச நேரம் எழுப்பிவிட்டுப் போகிற வேலைகள். அவை 45 வாட்டை எட்டுவதே அரிது. எல்லாக் கோர்களும் பல நிமிடம் மூச்சுவிடாமல் ஓடும் வீடியோ என்கோடிங் போன்ற வேலைகளில்தான் வித்தியாசம் தெரியும். அதுதான் உங்கள் தினசரிப் பிழைப்பு என்றால் இரண்டு லிட்டர் பெட்டி உங்களுக்கு உரியதில்லை. இதைத் தயங்காமல் சொல்வேன். மற்றவர்கள் ஏஎம்டி என்றால் பயாஸில் சிடிடிபி அல்லது ஈகோ மோட் என்ற பெயரைத் தேடுங்கள். 5600ஜி-க்கு 45 முதல் 65 வாட் வரை வைத்துக்கொள்ள ஏஎம்டியே அனுமதி தந்திருக்கிறது. இன்டெல் என்றால் பிஎல்1, பிஎல்2 என்று இருக்கும். இரண்டையும் குறைக்க வேண்டும். முதலாவதை மட்டும் குறைத்தால், வேலை தொடங்கும் ஒவ்வொரு முறையும் விசிறி ஒரு தடவை சீறிவிட்டுத்தான் அடங்கும்.

கேள்வி: கூலர் பெட்டியில் 95 வாட் தாங்கும் என்று போட்டிருக்கிறது. என் ஐ5-12400 வெறும் 65 வாட். மிச்சம் 30 வாட் லாபம்தானே? (வாசகர், மதுரை)

பதில்: இரண்டு எண்களையும் கழித்தால் 30 வரும், அதற்கு அர்த்தம்தான் வராது. கூலர் தாங்கும் வாட்டை அளக்க எல்லாத் தயாரிப்பாளர்களும் ஏற்றுக்கொண்ட பொது அளவுகோல் கிடையாது. எந்த அறை வெப்பத்தில், விசிறி எந்த வேகத்தில், சில்லு எத்தனை டிகிரியில் இருக்கும்போது 95 என்பதை அந்தப் பெட்டி சொல்லாது. இந்தப் பக்கம் 12400-இன் 65 என்பது அடிப்படை வாட் மட்டுமே. டர்போ உச்சம் 117 வாட் என்று இன்டெல்லே வெளியிட்டிருக்கிறது. குறைந்த வாட் பதிப்பான 12400டி-யைப் பாருங்கள்: அடிப்படை 35, டர்போ 74. 35 வாட் சில்லு என்று நம்பிச் சின்ன கூலர் போட்டவரும் இந்த 74-ஐச் சந்திக்கத்தான் வேண்டும். இன்னொன்று, ஒரே வாட்டிலும் சில்லுக்குச் சில்லு சூடு மாறும். 5600ஜி ஒரே துண்டாக, சுமார் 180 சதுர மி.மீ. பரப்பில் விரிந்த சில்லு. 5600எக்ஸ் போன்றவற்றில் கோர்கள் அதில் பாதிக்கும் குறைவான பரப்புள்ள தனித் துண்டில் நெருக்கியடித்து இருக்கின்றன. இடம் குறையக் குறைய, அதே சூட்டை உலோகத்துக்குக் கடத்துவது கடினமாகிறது. சிறிய கேபினெட்டுக்கு 'ஜி' வரிசையை நான் விடாமல் சிபாரிசு செய்வதற்கு உள்ளேயே கிராஃபிக்ஸ் இருப்பது ஒரு காரணம், இது இன்னொரு காரணம்.

கேள்வி: விசிறியே வேண்டாம், தண்ணீர்க் குளிர்ச்சிக்குப் போய்விடலாமா? (வாசகர், சேலம்)

பதில்: தண்ணீருக்கும் ரேடியேட்டர் வேண்டும், ரேடியேட்டருக்கும் விசிறி வேண்டும், கூடவே ஒரு பம்ப் வேறு இடைவிடாமல் முனகும். சிறிய பெட்டியில் அது எதற்கும் இடமில்லை.

கேள்வி: சும்மா மெயில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விசிறி 'உஸ்ஸ்' என்று எழுந்து, உடனே அடங்கி, மறுபடி எழுகிறது. பக்கத்தில் யாரோ பெருமூச்சு விடுவது மாதிரி இருக்கிறது. என்ன செய்ய? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: உங்கள் காது சரியாகத்தான் கேட்கிறது. ஒரே சீராக ஓடும் ஒலியைச் சில நிமிடங்களில் மறந்துவிடுகிறோம். ஏறி இறங்கும் ஒலியை, அது சன்னமானதாக இருந்தாலும், மறக்க முடிவதில்லை. இன்றைய சில்லுகள் ஒரு பக்கத்தைத் திறந்த மாத்திரத்தில் பத்து இருபது டிகிரி தாவி, அடுத்த நொடியே இறங்கிவிடும். மதர்போர்டு அதை நம்பி விசிறியை விரட்டுகிறது. பயாஸில் விசிறிக்கான வரைகோட்டைத் திறந்து, 65 டிகிரி வரை ஒரே வேகத்தில் தட்டையாக ஓடவிட்டு, அதற்கு மேல் மட்டும் படிப்படியாக ஏற்றுங்கள். வேகம் மாறுமுன் சில நொடி காத்திருக்கச் சொல்லும் வசதி இருந்தால் அதையும் போடுங்கள். 65 டிகிரி பிராசஸருக்குக் கெடுதலோ என்று பயப்படுகிறவர்களுக்கு: 95 வரை தாங்கும்படி வடிவமைத்த பொருள் அது. வேகத்தைக் குறைப்பதில் என்ன கிடைக்கிறது என்பதற்கு நாக்டுவா தன் எல்9 கூலர்களுக்குத் தரும் எண்களே சாட்சி. 2500 சுற்றில் மணிக்கு 57.5 கன மீட்டர் காற்று, ஒலி 23.6 டெசிபல். 1800 சுற்றில் 40.8 கன மீட்டர், 14.8 டெசிபல். காற்றில் இழந்தது 29 சதவீதம். ஒலியில் குறைந்தது கிட்டத்தட்ட 9 டெசிபல், காதுக்கு ஏறக்குறையப் பாதி. அந்த 29 சதவீதக் காற்றை எங்கே ஈடுகட்டுவது என்றால், வாட்டில்தான். முன்பே வரம்பைக் குறைத்தவருக்கு அந்தக் காற்று தேவைப்படவே போவதில்லை.

கேள்வி: மூடியைக் கழற்றினால் அமைதி, மாட்டினால் இரைச்சல். கூலரின் தப்பா, கேபினெட்டின் தப்பா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: பாதி விடையை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். விசிறியின் இதழ்களுக்குச் சில மில்லிமீட்டர் தள்ளி ஓட்டை போட்ட தகடு இருந்தால், காற்று அதன் விளிம்புகளில் கிழிபட்டு உள்ளே வருகிறது. அந்த இரைச்சல்தான் கேட்கிறது. இடைவெளி அதிகமாக இருந்தால் வேறு தொல்லை: ஹீட்சிங்கைத் தாண்டிச் சூடான காற்று, வெளியே போகாமல் வளைந்து மறுபடி விசிறிக்குள்ளேயே நுழையும். மூடியைக் கழற்றினால் சத்தம் மட்டும் குறைகிறதா, வெப்பமும் சட்டென்று இறங்குகிறதா என்று பாருங்கள். வெப்பமும் இறங்கினால் காற்று சுற்றிச் சுற்றி வருகிறது என்று பொருள். விசிறியின் சட்டத்தைச் சுற்றி, தகட்டைத் தொடும் உயரத்துக்கு ஃபோம் வளையம் ஒன்றை ஒட்டினால், வெளிக்காற்று நேராக விசிறிக்கு வரும். எல்9 வரிசைக்கென்றே நாக்டுவா இப்படி ஒரு ஃபோம் குழாயை விற்கிறது. கத்தரிக்கோல் பிடிக்கத் தெரிந்தவர் வீட்டிலேயும் செய்துகொள்ளலாம். மேலிருந்து கீழே ஊதும்படியே விசிறி இருக்கட்டும். அப்போதுதான் பக்கத்திலிருக்கும் ரேமுக்கும் மின்சுற்றுகளுக்கும் காற்று கிடைக்கும். நம் ஊர்த் தூசி ஹீட்சிங்கின் தகடுகளுக்கு நடுவே பஞ்சு மாதிரி அடைந்துகொள்ளும் என்பதால், சில மாதங்களுக்கு ஒருமுறை ஊதிச் சுத்தம் செய்யுங்கள்.

கேள்வி: இன்னும் கேபினெட் வாங்கவில்லை. எல்லாம் உங்கள் கையில். எதை வாங்கட்டும்? (வாசகர், சிங்கப்பூர்)

பதில்: இந்த வாரத்தின் அதிர்ஷ்டசாலி நீங்கள்தான். கூலருக்கு 70 மி.மீ. இடம் விடும் மினி-ஐடிஎக்ஸ் கேபினெட் வாங்குங்கள். அந்த உயரத்தில் 120 மி.மீ. விசிறி போடலாம். சீலிங் ஃபேன் மெல்லச் சுற்றி அறை முழுக்கக் காற்றுத் தருவதும், டேபிள் ஃபேன் அதற்காக இரைவதும் வீட்டில் பார்ப்பதுதானே. இங்கேயும் அதே விதி. 92 மி.மீ. விசிறி தரும் காற்றை 120 மி.மீ. விசிறி பாதிக்கும் குறைவான சுற்றில் தந்துவிடும். நாக்டுவா என்எச்-எல்12எஸ் சரியாக 70 மி.மீ., தெர்மல்ரைட் ஏஎக்ஸ்பி120-எக்ஸ்67 பெயரில் உள்ளபடி 67 மி.மீ. இரண்டில் எது என்பதை விலையும், உங்கள் ரேமின் உயரமும் முடிவு செய்யட்டும். தலையில் அலங்காரத் தகடு வைத்த உயரமான ரேமைத் தவிர்த்துவிடுங்கள். இத்தனை பெரிய கூலர் போட்டாலும் வாட் வரம்பை வைக்காமல் விடவேண்டாம். முதலில் 65 வாட்டில் கட்டி, ஒரு வாரம் உங்கள் வழக்கமான வேலைகளைச் செய்து பாருங்கள். வேகம் போதவில்லை என்று தோன்றினால் ஐந்தைந்து வாட்டாக ஏற்றுங்கள், விசிறி உங்கள் காதுக்குக் கேட்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.